இன்னிக்கு மெஸ்ல என்ன?
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு வாரத்துக்கு முன்னால் செயலாளர் போன் செய்து, "என்ன தலைப்பில் பேசப் போறீங்க?" என்று கேட்டார். "அரட்டை" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, அழைப்பிதழில் 'நண்பர்களிடையே கருத்துப் பரிமாற்றம்' என்று போட்டுக்கறேன்" என்றார். நாகரிகமான மனிதர். ஆனால் நான் பேச வந்தது அரட்டையைப் பற்றித்தான். எனக்கு முன்னால் பேசிய மூவரும் செயற்கை நுண்ணறிவு, சொந்தத் தொழில், மேற்படிப்பு என்று கனமான விஷயங்களைச் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பேச வருகிறவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுதான் முறை.

அரட்டைக்கு நம் மரபில் நல்ல பெயர் கிடையாது என்பது எனக்குத் தெரியும். வள்ளுவரே 'பயனில சொல்லாமை' என்று 20-ஆவது அதிகாரத்தை அதற்கு எதிராக எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அதே வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை என்று 79, 80, 81 ஆகிய அதிகாரங்களை வரிசையாக நட்புக்கு ஒதுக்கியிருக்கிறார். எதிரே ஒன்று, ஆதரவாக மூன்று. என் கணக்கில் அரட்டைக்கு மெஜாரிட்டி இருக்கிறது.

நான் 2005-இல் சேர்ந்து 2009-இல் வெளியே வந்தவன். எலக்ட்ரானிக்ஸ். விடுதியில் எங்கள் கூட்டம் ஐந்து பேர். மற்ற நால்வரையும் பெயர் சொல்லாமல் பாடப்பிரிவைச் சொல்லியே கூப்பிடுகிறேன். அவர்களில் இருவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருப்பதே காரணம். மெக்கானிக்கல்காரன் மதுரை. சிவில்காரன் திருநெல்வேலி. எலக்ட்ரிக்கல்காரன் பொள்ளாச்சிப் பக்கம். கம்ப்யூட்டர்காரன் சென்னை, அதுவும் மைலாப்பூர். நான் கும்பகோணம். ஐந்து ஊர், ஐந்து நாக்கு. சண்டைக்குக் கேட்கவா வேண்டும்?

சாப்பாடு

எங்கள் விடுதியில் திங்கட்கிழமை இரவு விசேஷமான இரவு. ஊருக்குப் போனவர்கள் காலையில் வந்து இறங்கி, வகுப்பையும் முடித்து, பையைப் பிரிக்கிற நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, பழனி பஞ்சாமிர்தம், நெல்லை அல்வா எல்லாம் ஒரே கட்டிலில் பரப்பப்படும். பால்கோவாவுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இலும், கடலைமிட்டாய்க்கு 2020-இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் அரசாங்கம் புவிசார் குறியீடு கொடுத்தது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே எங்கள் அறையில் முழு விசாரணை நடத்தி, வாதி பிரதிவாதிகளைக் கேட்டு, சாட்சிப் பொருளைத் தின்றே தீர்த்துத் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

பரோட்டா விஷயத்தில் மட்டும் கடைசிவரை தீர்ப்பே வரவில்லை. மதுரைக்காரன் பன் பரோட்டா என்பான். நெல்லைக்காரன், "ஏலே, விருதுநகர்ல எண்ணெய்ல பொரிச்சு எடுப்பானே, அதைத் தின்னுட்டுப் பேசு" என்பான். பொள்ளாச்சிக்காரன் பரோட்டாவுக்குள்ளேயே வரமாட்டான். "அதெல்லாம் இருக்கட்டுமுங், எங்கூர்ல கலக்கின்னு ஒண்ணு போடுவாங்க" என்று ஆரம்பிப்பான். முட்டையைப் பாதி வேகவைத்துப் பாதி வேகாமல் எடுப்பதற்கு ஒரு பெயரா என்று மைலாப்பூர் கேட்கும். மைலாப்பூர் சுத்த சைவம். ஆனாலும் கருத்துச் சொல்லாமல் இருக்காது.

இந்தச் சண்டைகளில் நான் படித்த பொறியியல் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு நாள் குக்கர் விசிலைப் பற்றி வாக்குவாதம் வந்தது. துவரம்பருப்புக்கு மூணு விசில் என்கிறார்களே, விசில் என்பது நேரத்தின் அளவா, வெப்பத்தின் அளவா? மெக்கானிக்கல்காரன் சொன்னான்: "ரெண்டும் இல்லடா மாப்ள. மேலே உட்கார்ந்திருக்கிற வெயிட்டைத் தூக்குற அளவுக்கு அழுத்தம் வந்தா விசில் அடிக்கும். அப்போ உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. அதுக்கப்புறம் நீ அடுப்பைக் கூட்டினா விசில்தான் வேகவேகமா வரும், சூடு ஏறாது. அதனால விசிலை எண்ணிச் சமைக்கிறது விஞ்ஞானமே இல்ல." எல்லோரும் வாயடைத்துப் போனோம். அப்போது பொள்ளாச்சிக்காரன் மெதுவாகச் சொன்னான்: "எங்கம்மா இருபது வருஷமா அதே அடுப்பு, அதே குக்கர், அதே படி பருப்பு, தீயை ஒரே அளவு வைப்பாங்க. அப்புறம் மூணு விசில் எப்படித் தப்பாகும்?"

அளவுக் கருவியியல் பாடத்தில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லித்தந்தது எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்தது. மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொண்டால் எந்தக் குறியையும் அளவாக்கலாம். இன்றைக்கு என் வேலையில் ஒரு மீட்டர் காட்டுகிற எண்ணை நம்பலாமா என்று சந்தேகம் வரும்போதெல்லாம், 'அதே அடுப்பா, அதே குக்கரா?' என்றுதான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

கிரைண்டர் மாவா, மிக்சி மாவா என்ற சண்டை ஒரு வாரம் ஓடியது. மிக்சி மோட்டார் நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிறது, மாவு சூடாகிவிடும். கிரைண்டர் கல் நிதானமாகச் சுற்றுகிறது. மாவு சூடாகாது, உளுந்துக்குள் காற்றும் ஏறும். உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கிற நுண்ணுயிர்கள்தான் ராத்திரியெல்லாம் வேலை பார்த்து மாவைப் பொங்க வைக்கின்றன. அவற்றைச் சூடு காட்டி விரட்டிவிட்டு, காலையில் இட்லி கல்லாக இருக்கிறது என்று அழுதால் எப்படி? மின்சாரக் கிரைண்டர் பிறந்தது 1950-களின் கோயம்புத்தூரில் என்றும் அது தன் ஊர்ச் சொத்து என்றும் பொள்ளாச்சிக்காரன் மார்தட்டுவான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அவன் இன்னும் அந்தப் பேச்சை விடவில்லை.

இதையெல்லாம் ஆண்கள் விடுதிப் பெருமையாகச் சொல்லவில்லை. பகலில் வீட்டிலிருந்து வந்துபோகும் எங்கள் வகுப்புத் தோழியர் கொண்டுவந்த டிபன் பாக்ஸ்கள் 10.45 இடைவேளையிலேயே காலியாகிவிடும். மதியம் அவர்கள் எங்களோடு கேன்டீனில் பிரிஞ்சி சாப்பிட்டுக்கொண்டே, யார் வீட்டு எலுமிச்சை சாதம் முதலில் தீர்ந்தது என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் முதலிடம் பிடிப்பது யுனிவர்சிட்டி ரேங்க் வாங்குவதைவிடக் கஷ்டம்.

விளையாட்டு

அறை எண் 27-க்கு வெளியே வராந்தாவில் ஒரு கேரம் போர்டு இருந்தது. ஒரு மூலைப் பை கிழிந்து, அங்கே ஒரு பழைய காலுறையைக் கட்டி வைத்திருந்தார்கள். 9 கருப்பு, 9 வெள்ளை, 1 சிவப்பு என்பது விதி. எங்களிடம் கருப்பு எட்டுத்தான்; ஒன்பதாவது ஒரு ஜோல்னாப் பையின் பித்தான்.

கேரம் என்பது நான்கு மூலையும் பவுடரும் கொண்ட பௌதிக ஆய்வுக்கூடம். ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம் இருக்கலாம். காய் ஐந்து, ஐந்தரை கிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு. நேருக்கு நேர் மோதினால், சக்தி வீணாகாது என்று வைத்துக்கொண்டால், காய் ஸ்ட்ரைக்கரின் வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தில் பாதியோடு பின்னாலேயே போகும். நேரே அடித்த காயின் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் போய் மைனஸ் ஆவது விதியின் விளையாட்டு இல்லை, நிறையின் விளையாட்டு. முதல் வருஷம் எழுதிப் பார்த்த உந்தக் கணக்கு, ஒரு ரெட் போட்டு ஃபாலோ தவறும்போதுதான் உடம்பில் ஏறுகிறது.

கேரத்தைச் சோம்பேறி விளையாட்டு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் கேரமில் உலகச் சாம்பியன். 1996-இல் அர்ஜுனா விருது பெற்றவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த காசிமா என்ற இளம்பெண் மூன்று தங்கப் பதக்கம் வாங்கினார். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர். ஒரு பலகை, ஒரு டப்பா பவுடர், கூட விளையாட நாலு பேர். இவ்வளவுதான் அந்த விளையாட்டுக்கு வேண்டிய மூலதனம்.

2007 செப்டம்பர் மாதத்தை எங்கள் பேட்ச் மறக்க முடியாது. 24-ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டம். டிவி ரூமில் நாற்பது பேர் உட்காருகிற இடத்தில் இருநூறு பேர். கடைசி ஓவரில் மிஸ்பா பந்தைத் தூக்கி அடித்து, ஸ்ரீசாந்த் பிடித்தபோது யார் தோளில் யார் இருந்தார்கள் என்றே தெரியாது. ஐந்து ரன்னில் ஜெயித்தோம். அதே மாதக் கடைசியில் மெக்சிகோ நகரத்தில் விஸ்வநாதன் ஆனந்த் உலக செஸ் சாம்பியன் ஆனார். அதற்கு டிவி ரூமில் யாரும் இல்லை. மைலாப்பூர்க்காரன் மட்டும் பேப்பரை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்ப் படித்துக் காட்டினான். "இதுக்கும் கத்துங்கடா" என்று கெஞ்சினான். சிலர் தூக்கக் கலக்கத்தில் கத்தினார்கள்.

2024 டிசம்பர் 12-ஆம் தேதி, சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபோது, எனக்கு முதலில் போன் செய்தது அந்த மைலாப்பூர்க்காரன்தான். ஹலோகூடச் சொல்லவில்லை. "இப்பவாவது கத்துடா!" என்றான். ஆபீஸில் இருந்தேன். கத்தினேன்.

கருவிகள்

நாங்கள் படித்த காலம் ஒரு சந்திக் காலம். போன் இருந்தது, ஆனால் அது போன் மட்டும்தான். கூட்டத்தில் பாதிப் பேரிடம் நோக்கியா 1100. 2003-இல் வந்த மாடல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதன் தலையில் ஒரு டார்ச் விளக்கு. 2008-இல் மின்வெட்டு ஆரம்பித்தபோது எங்கள் பேட்சின் பாதி அரியர் பேப்பர்களைக் காப்பாற்றியது அந்த விளக்குத்தான். நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. அந்த விளக்கை மட்டும் இன்றைக்கு எல்லா போனிலும் வைத்துவிட்டார்கள்.

பேசினால்தானே காசு? மிஸ்டு கால் இலவசம். எங்கள் கூட்டத்தில் அதற்கு ஒரு சங்கேத மொழியே இருந்தது. ஒரு ரிங் என்றால் 'கீழே வா'. இரண்டு ரிங் என்றால் 'மெஸ்ஸில் ஏதோ நல்லது போட்டிருக்கிறார்கள், ஓடி வா'. மூன்று ரிங் என்றால் 'வார்டன் ரவுண்ட்ஸ் வருகிறார்'. யாராவது மறந்துபோய் போனை எடுத்துவிட்டால் அன்றைக்கு டீ செலவு அவனுடையது.

கருவி என்றால் இம்மர்ஷன் ராடைச் சொல்லாமல் விட முடியாது. விடுதியில் அது தடை செய்யப்பட்ட பொருள். தடை சரியானதே என்பதை எலக்ட்ரிக்கல்காரன் சுவரில் கரியால் கணக்கே எழுதி வைத்திருந்தான். 15 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி சூடேற்ற, 1000 வாட் ராடுக்கு ஏறக்குறைய 16 நிமிஷம். நாலு அறையில் ஒரே நேரத்தில் போட்டால் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஃப்யூஸோ 15 ஆம்பியர். 'ஆகவே குளிர்ந்த நீரில் குளிப்பீர்' என்று கீழே முடிவுரை. அந்தச் சுவருக்கு இப்போது வெள்ளை அடித்துவிட்டார்கள் என்று பார்த்துவிட்டு வந்தேன். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை

சிரித்தது போதும். இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் வருஷம். எங்கள் பொள்ளாச்சிக்காரன் வழக்கம்போலத்தான் இருந்தான். வகுப்புக்கு வந்தான், கேரம் ஆடினான், சிரித்தான். ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்குப் போர்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக்கல்காரன் எதையும் நினைக்காமல் கேட்டான்: "இன்னிக்கு சப்பாத்தி எப்படிடா இருந்துச்சு?" வியாழக்கிழமை எங்கள் மெஸ்ஸில் சப்பாத்தி குருமா. பொள்ளாச்சிக்காரன் ஸ்ட்ரைக்கரைக் குறி பார்த்துக்கொண்டே, "நல்லா இருந்துச்சு" என்றான்.

அன்றைக்கு மெஸ்ஸில் சப்பாத்தி போடவில்லை. மாவு வரவில்லை என்று தக்காளி சாதம் போட்டிருந்தார்கள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. அவன் தூங்கப் போனபிறகு சிவில்காரன் சொன்னான், "ஏலே, இவன் கலக்கியப் பத்திப் பேசி ரெண்டு வாரம் ஆச்சு, கவனிச்சியா?" அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மறுநாள் மெஸ் கணக்குப் பார்க்கும் அண்ணனிடம் விசாரித்தோம். தென்னையில் பூச்சி விழுந்து அவன் வீட்டில் வருமானம் நின்றிருந்தது. இரண்டு மாத மெஸ் பில் பாக்கி. பாக்கி ஏறக் கூடாது என்று, ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்று அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை.

நாங்களும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஸ்ஸில் விருந்தாளி டோக்கன் என்று ஒன்று உண்டு. அதை நாள் கணக்கில் முறை வைத்து நாங்கள் வாங்கினோம். "என் மாமா பையன் வர்றேன்னான், வரலை. டோக்கன் வீணாப் போகுது, வாடா" என்போம். ஒரு மாதத்தில் எங்களுக்கு எத்தனை மாமா பையன்கள்! மெஸ் அண்ணனே ஒரு நாள், "ஏன் தம்பி, உங்க குடும்பத்துல யாருமே சொன்ன சொல்லைக் காப்பாத்த மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கூட ஒரு கரண்டி போட்டார். அவருக்கும் தெரிந்திருந்தது.

பல வருஷம் கழித்து அவனே ஒரு நாள் அந்தப் பேச்சை எடுத்தான். "அன்னிக்கு நீங்க 'காசு இருக்குதா'ன்னு கேட்டிருந்தீங்கன்னா 'இருக்குது'ன்னுதான் சொல்லியிருப்பேன். 'ஏதாச்சும் பிரச்னையா'ன்னு கேட்டிருந்தாலும் 'இல்லை'தான். சப்பாத்தி எப்படி இருந்துச்சுன்னு கேட்டுப் பிடிச்சுப்போட்டீங்க" என்றான்.

தம்பி, தங்கைகளே, நான் இன்றைக்குப் பேச வந்ததே இந்த ஒரு இடத்துக்காகத்தான். பெரிய கேள்விக்கு எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் இருக்கும். 'எப்படி இருக்கே?' என்றால் 'சூப்பர்' என்று வரும். சின்னக் கேள்விக்கு யாரும் பதில் தயார் செய்து வைத்துக்கொள்வதில்லை. தினமும் பரோட்டாவுக்காகச் சண்டை போடுகிறவன் ஒரு வாரம் சண்டை போடவில்லை என்றால் அது செய்தி. ஆனால் தினமும் சண்டை போட்டிருந்தால்தான் அது செய்தி என்று தெரியும். அதே அடுப்பு, அதே குக்கர்!

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். நான் வேலை பார்ப்பது கைபேசி வலையமைப்பில். உங்கள் பையில் போன் சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறீர்கள். அது சும்மா கிடப்பதில்லை. நீங்கள் யாரோடும் பேசாதபோதும், குறித்த இடைவெளியில் ஒருமுறை வலையமைப்புக்கு 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று ஒரு சின்னத் தகவல் அனுப்பும். அதில் வேறு விஷயம் எதுவும் இல்லை. அந்தத் தகவல் வர வேண்டிய நேரத்தில் வராமல் போனால், கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு வலையமைப்பு அந்தப் போனைத் தொடர்பில் இல்லாதது என்று குறித்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு முக்கியமான அழைப்பு வந்தாலும் மணி அடிக்காது. 'இன்னிக்கு மெஸ்ல என்ன?' என்பது அந்தச் சின்னத் தகவல். அதில் விஷயம் இல்லைதான். ஆனால் அது நின்றுபோனால், விஷயம் வரும்போது கூப்பிட வழி இருக்காது.

இது மாணவர்களுக்கு மட்டும் சொல்வதாக என் வயதுக்காரர்கள் நிம்மதியாக உட்கார வேண்டாம். எங்கள் பேட்சுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் சூரியகாந்திப் பூவோடு காலை வணக்கம். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஐம்பது கேக் படம். நடுவில் அரசியல் ஃபார்வர்டு. அந்தக் குழுவில் தினமும் வாழ்த்துப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், 2023-இல் வேலை போய் ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொன்னார். எங்களில் மூன்று பேர் வேலை செய்யும் இடங்களில் அவருக்குத் தகுந்த வேலை காலியாக இருந்தது. தினமும் ஐம்பது தகவல் வந்த குழுவில் அந்த ஒரு தகவலுக்கு வழி இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து பேரும் அவரையும் சேர்த்துக்கொண்டு ஓர் ஏற்பாடு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே அழைப்பில் வருவது. ஒருவன் தோஹா, ஒருவன் ஓசூர், ஒருவன் ஹூஸ்டன். ஹூஸ்டன்காரனுக்கு அது ஞாயிறு காலை. பல் தேய்த்துக்கொண்டே வருவான். விதிமுறை உண்டு. சம்பளம் பேசக் கூடாது. மனை விலை பேசக் கூடாது. பிள்ளைகள் மார்க் பேசக் கூடாது. சாப்பாடு, விளையாட்டு, புதுசாக வாங்கின கருவி, இந்த மூன்றுக்குத்தான் அனுமதி. போன மாதம் முழுக்க ஒரே விவாதம்: ஏர் ஃப்ரையரில் செய்த மெதுவடை வடையா, இல்லையா? அது விசிறி வைத்த சின்ன அவன்தான், பொரிப்பது கிடையாது, ஆகவே அது வடை வடிவத்தில் இருக்கும் பன் என்பது மெக்கானிக்கல் கட்சி. ஓட்டை இருந்தால் வடை என்பது சிவில் கட்சி. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

இப்படி மூன்று விஷயத்துக்குள் பேசுகிறவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எல்லாமே தெரிந்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. "ஒரு மாசமா உப்பில்லாம சாப்பிடறேன்" என்றால் ரத்த அழுத்தம். "வீட்டில் நான்தான் சமைக்கிறேன்" என்றால் மனைவிக்கு உடம்பு சரியில்லை. கேட்க வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறோம்.

தம்பி, தங்கைகளே, நேற்று ராத்திரி உங்கள் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தோசை எங்கள் காலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. ஒரு மேசையில் ஆறு பேர். ஆறு பேர் காதிலும் இயர்போன். நான் குறை சொல்லவில்லை. எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் நாங்களும் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். நோக்கியா 1100-இல் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால் எதிரே இருந்தவன் முகத்தைப் பார்த்தோம். அதில் எங்கள் பெருமை எதுவும் இல்லை. உங்களுக்கு அது தானாக நடக்காது. நீங்களாக முயற்சி செய்ய வேண்டும். அதனால்தான் கேட்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும், காதில் இருப்பதைக் கழற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவனிடம் சாம்பாரைப் பற்றிக் கேளுங்கள். கேட்டால் பதில் வரும்வரை இருங்கள். ஒருவன் நாலு நாளாக மேசைக்கே வரவில்லை என்றால், அறைக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். கையில் ஒரு வாழைப்பழம் கொண்டு போங்கள். காரணம் கேட்டால் "மெஸ்ல கூட ஒண்ணு கொடுத்தாங்க" என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. எங்கள் 2009 பேட்ச் சார்பில் ஆண்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் தலா இரண்டு கேரம் போர்டு வாங்கி வந்திருக்கிறோம். மூலைப் பைகள் நல்ல வலையில் தைத்தவை, காலுறை தேவைப்படாது. கருப்பு ஒன்பதும் சரியாக இருக்கின்றன, நானே எண்ணிப் பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் எப்படியும் தொலையும் என்பது எங்கள் அனுபவம். அதனால் போர்டுக்கு ஆறு வீதம் கொடுத்திருக்கிறோம். வார்டன் அவர்கள் அதைப் பூட்டி வைக்காமல் வராந்தாவில் போட அனுமதிக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அவர் தலையை ஆட்டுகிறார்; எல்லோரும் சாட்சி.

பந்தி தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். இலையில் என்ன என்று நான் விசாரித்துவிட்டேன், சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.